முதலில் சின்ன ரெஞ்சை வாங்குங்கள்

“அண்ணே, டார்க் ரெஞ்ச் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லாருக்கும்?”

கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷமாக இந்தக் கேள்வி என் ஷெட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. அதற்கு முன்னால் கார் வைத்திருப்பவர் வாயிலிருந்து அந்தப் பெயரையே நான் கேட்டதில்லை. ஆயில் மாற்றுவதும் பிரேக் பேட் மாற்றுவதும் மெக்கானிக் வேலை. வீட்டுக்காரர் வண்டியைக் கழுவுவார், டயரில் காற்றுப் பார்ப்பார், அதோடு சரி. கொரோனா ஊரடங்கில் பட்டறைகள் பூட்டிக் கிடந்தபோது பல பேர் வீடியோ பார்த்து வீட்டிலேயே வேலையில் இறங்கினார்கள். ருசி கண்டவர்கள் விடவில்லை. இவர்கள் எல்லோருடைய மனசிலும் இருப்பது வீல் நட்டுதான். முழங்கை நீளத்துக்கு ஓர் அரை இஞ்ச் டிரைவ் ரெஞ்சை ஏற்கெனவே பார்த்து வைத்துவிட்டு, நான் தலையாட்டுவேன் என்றுதான் வருவார்கள். “முதல்ல சின்னதை வாங்குங்க சார்” என்றால் முகம் சுருங்கிப்போகும்.

நான் தொழில் கற்றது எண்பதுகளின் தொடக்கத்தில், சென்னைப் புதுப்பேட்டையில். அம்பாசடர், ஃபியட், எப்போதாவது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அம்பாசடருக்கு இஞ்ச் ஸ்பானர், ஃபியட்டுக்கு மில்லிமீட்டர் ஸ்பானர். மாற்றி எடுத்துக் கொடுத்தால் மண்டையில் குட்டு விழும். டார்க் ரெஞ்ச் அந்தப் பட்டறையில் கிடையாது, அக்கம்பக்கத்திலும் நான் பார்த்ததில்லை. மேஸ்திரிக்குக் கைதான் அளவு. “பத்தாம் நம்பர் ஸ்பானரை ரெண்டு விரலால இழு. பதிமூணுக்கு மூணு விரல். பதினேழுக்கு மேல முழுக்கை போடு” என்பார். கேட்கக் கிண்டலாக இருந்தாலும் அதில் கணக்கு உண்டு. ஸ்பானர் செய்கிறவன் சின்ன நம்பருக்குக் கைப்பிடியைக் குட்டையாகவும் பெரிய நம்பருக்கு நீளமாகவும் வைப்பது, போல்ட் தாங்குகிற அளவைத் தாண்டிக் கை போகக்கூடாது என்பதற்கும் சேர்த்துத்தான். அதில் பைப்பைச் சொருகி நீட்டும்போது வம்பு தொடங்குகிறது.

கைக்கணக்கு அந்தக் காலத்தில் பலித்ததற்கு இரும்பும் ஒரு காரணம். அம்பாசடர் எஞ்சினில் பிளாக்கும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. மரை அவ்வளவு லேசில் போகாது. இறுக்கம் கூடினாலும் பொறுத்துக்கொள்ளும். குறைந்தால் கொஞ்சம் ஆயில் கசியும், வண்டி பாட்டுக்கு ஓடும். ஆயில் ஒழுகாத அம்பாசடரைப் பார்த்தால் உள்ளே ஆயில் இருக்கிறதா என்று டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்த காலம் அது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. சில வருஷம் கழித்து அங்கீகாரம் பெற்ற ஒரு சர்வீஸ் ஸ்டேஷனில் வேலைக்குச் சேர்ந்தேன். டார்க் ரெஞ்சைத் தொட்டுப் பார்த்தது அங்கேதான். தகரப் பெட்டிக்குள் இருக்கும், பெட்டி அலமாரிக்குள் இருக்கும், சாவி ஃபோர்மேன் இடுப்பில் இருக்கும். அளவெல்லாம் கிலோகிராம்-மீட்டர் கணக்கு. ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மாற்றி மாற்றி, இரண்டு மூன்று சுற்றில் ஏற்றுவோம். கடைசிச் சுற்றில், வைத்த அளவு வந்து ரெஞ்ச் ‘டக்’ என்றதும் ஃபோர்மேன் அந்தப் போல்ட் தலையில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு பொட்டு வைப்பார். பொட்டு வைத்ததை இன்னொருவன் தொடக்கூடாது.

என்னோடு வேலை பார்த்த ஓர் அண்ணன், பெரிய கைக்காரர், “நம்ம கைக்குத் தெரியாத டார்க்கா?” என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். ஃபோர்மேன் கோபப்படவில்லை. ஒரு பழைய எஞ்சினைக் காட்டி, “நீ உன் கையால இறுக்கு, நான் அளந்து பாக்குறேன்” என்றார். அண்ணன் இறுக்கினார். ஃபோர்மேன் டயல் வைத்த ரெஞ்சைப் போட்டு ஒவ்வொன்றாக அளந்தார். ஹெட் போல்ட்டுகளில் அண்ணன் கை ஏறக்குறைய சரியாகவே இருந்தது. எங்களுக்கே ஆச்சரியம். பிறகு டேப்பெட் கவரில் இருக்கிற சின்ன போல்ட்டுகளுக்கு வந்தார்கள். அத்தனையும் சொன்ன அளவைவிட ஒன்றரை மடங்கு. பெரிய போல்ட்டில் கைக்கு எதிர்ப்பு தெரிகிறது, எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரிகிறது. ஆறு மில்லி போல்ட்டில் அதெல்லாம் தெரிவதற்குள் அளவு தாண்டிப் போயிருக்கும். என் வாதம் அன்று பார்த்த அந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான்.

அதற்குப் பிறகு வந்த வண்டிகளில் அலுமினியம் கூடிக்கொண்டே போனது. ஹெட் மட்டும் அலுமினியமாக இருந்தது போய், பிளாக்கே அலுமினியம், பல வண்டிகளில் அடியில் ஆயில் நிற்கிற சம்ப்பும் அலுமினியம். போல்ட் எஃகு, அது போய் உட்காருகிற மரை அலுமினியம். இரண்டில் எது முதலில் தோற்கும் என்று சொல்லத் தேவையில்லை. வீட்டில் வேலை பார்க்கிறவர் தொடுகிற இடங்களைக் கொஞ்சம் பாருங்கள். டேப்பெட் கவர் போல்ட் பெரும்பாலும் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர். ஸ்பார்க் பிளக், அதன் மரை அளவைப் பொறுத்து 10 முதல் 30. சம்ப் டிரெயின் பிளக் 30-லிருந்து 40-க்குள். பிரேக் காலிப்பரின் ஸ்லைடு பின் போல்ட்டும் பல வண்டிகளில் அதே சுற்றுவட்டாரம். இத்தனைக்கும் மேலே, தனியாக நிற்பது வீல் நட்டு. என் கைக்கு வந்த பழைய சின்ன மாருதிகளில் 85, ஹோண்டா சிட்டியில் 108, ஃபோக்ஸ்வாகன் போலோவில் நட்டுக்குப் பதில் வீல் போல்ட், அதற்கு 120. உங்கள் வண்டியின் எண் உங்கள் மேனுவலில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியின் எண் உங்களுக்கு உதவாது.

ஆக, வீட்டில் அவிழ்த்துப் பூட்டுகிற பத்து இடத்தில் எட்டு இடம் 40-க்குக் கீழே. ரெஞ்ச் வாங்குவதோ 200 வரை போகிறதை.

நங்கநல்லூரிலிருந்து ஒரு வங்கி அதிகாரி வந்தார். நல்ல பொறுமைசாலி, கையுறை எல்லாம் போட்டு வேலை பார்க்கிறவர். அடுக்குமாடிப் பார்க்கிங்கில் தானே ஆயில் மாற்றியிருக்கிறார். 28 முதல் 210 வரை அளவுள்ள புது ரெஞ்ச். மேனுவலில் சொன்னபடி 35 வைத்து டிரெயின் பிளக்கை இறுக்கியிருக்கிறார். “சத்தம் வரும், வரும்னு இழுத்துட்டே இருந்தேண்ணே. வரவே இல்ல. அப்புறம் திடீர்னு லூஸாயிடுச்சு.” பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். அதன் மரைக்குள் அலுமினியம் மெல்லிய கம்பிச் சுருளாகச் சுற்றிக்கொண்டு வந்திருந்தது. சம்ப்பில் மரை இருந்த இடம் வழவழ.

ரெஞ்ச் கெட்டுப்போய்விட்டது என்று அவர் முடிவே கட்டிவிட்டார். நான் அதை வைஸில் பிடித்து அதே 35-இல் வைத்து இழுத்துக் காட்டினேன். ‘டக்’ வந்தது, ஆனால் காதுக்கு வரவில்லை. கையில் லேசாக ஒரு நெகிழ்வு, அவ்வளவுதான். அதே ரெஞ்சை 110-இல் வைத்தபோது பக்கத்து ஷெட்டுக்குக் கேட்டது. கிளிக் ரெஞ்சுக்கு உள்ளே இருப்பது ஒரு ஸ்பிரிங். அளவு கூடக்கூட ஸ்பிரிங் இறுகும், சத்தமும் உதையும் பலமாகும். அடிமட்டத்தில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, சத்தமும் மெலிவு. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, தெருச் சத்தத்துக்கு நடுவே, முதல்முறை செய்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? தவிரவும், தயாரிப்பாளர்கள் உத்தரவாதம் தருகிற துல்லியம் பொதுவாக உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலேதான். 210 ரெஞ்சில் அது 42. 28 என்று கோடு போட்டிருக்கிறார்களே என்றால், கோடு போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தச் சம்ப்புக்கு லேத் பட்டறையில் ஹெலிகாயில் போட்டு மரையை மீட்டோம். செலவு ஒரு சின்ன ரெஞ்சின் விலையைத் தாண்டியது.

எட்டில் மூன்று இஞ்ச் டிரைவ், உச்சம் 60-ஐ ஒட்டி முடிகிற ரெஞ்ச்: வீட்டுக்கு இதுதான் முதல் ரெஞ்ச். பிளக், டிரெயின், காலிப்பர் பின் எல்லாம் அதன் நடு அளவில் வந்து விழும். ரெஞ்சை அதன் நடுப்பகுதியில் வேலை வாங்க வேண்டும், இரண்டு ஓரங்களிலும் வாங்கக்கூடாது. டேப்பெட் கவரையும் கழற்றுகிற துணிச்சல் வந்த பிறகு 5 முதல் 25 வரையுள்ள கால் இஞ்ச் டிரைவ் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். அதுவரை மேஸ்திரியின் இரண்டு விரலே போதும், குட்டை ஸ்பானரில்.

வீல் நட்டை நான் லேசாக எடுத்துக்கொள்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அங்கே வருகிற சிக்கல் வேறு மாதிரி. ஜி.எஸ்.டி. சாலையில் ராத்திரி டயர் பஞ்சர் ஆகி, ஸ்டெப்னி இருந்தும் நட்டைக் கழற்ற முடியாமல் எனக்கு ஃபோன் அடித்தவர்கள் எத்தனையோ பேர். வண்டியோடு வருகிற எல் ஸ்பானர் ஏறக்குறைய கால் மீட்டர் நீளம். 100 நியூட்டன் மீட்டரில் இறுக்கிய நட்டைக் கழற்ற அதன் முனையில் 40 கிலோ எடை அளவுக்கு அழுத்தினால் போதும். டயர் கடைப் பையன் ஏர் கன்னை ‘டர்ர்ர்’ என்று நாலு விநாடி பிடித்தால் அது சில நூறு நியூட்டன் மீட்டருக்குப் போய்விடும். எழுபது கிலோ ஆள் அந்த எல் ஸ்பானர் மேல் ஏறி நின்றாலும் 170-தான் கிடைக்கும். அதனால்தான் அசையவில்லை. கழற்ற முடியாமல் ஏறி நின்றது போதாதென்று, மாட்டும்போதும் ஏறி நின்று மிதிப்பார்கள் சிலர். 85 போதும் என்று எழுதிய வண்டிக்கு 170. நட்டு ஏறுகிற ஸ்டட் நீண்டுபோய், ஒருநாள் கழற்றும்போது முறிந்து கையோடு வரும்.

இதில் பெரிய ரெஞ்ச் வைத்திருப்பவர்களும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. டயர் கடையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் 100 வைத்து நட்டைச் சோதிப்பார்கள். தொட்டதும் ‘டக்’. நாலு சக்கரமும் ‘டக்’. திருப்தியாகிவிடும். 300-இல் இறுகியிருக்கிற நட்டிலும் 100 வைத்த ரெஞ்ச் ‘டக்’ என்றுதான் சொல்லும். குறைச்சலைத்தான் அதற்குக் கண்டுபிடிக்கத் தெரியும். ஒவ்வொரு நட்டையும் தளர்த்தி, கையால் கடைசிவரை ஓட்டி, சக்கரம் தரையைத் தொட்டபின் எதிரெதிராக இறுக்கினால்தான் அளவு அளவாகும். அப்புறம் ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை பார்க்க வேண்டும், அலாய் வீல் என்றால் கட்டாயமாக.

2015 டிசம்பர் வெள்ளம் எனக்கு இன்னொன்றைக் காட்டியது. வேளச்சேரி, முடிச்சூர் பக்கத்திலிருந்து நாள்கணக்கில் தண்ணீரில் நின்ற வண்டிகள் ஷெட்டுக்கு வரிசையாக வந்தன. எஞ்சின், வயரிங், சீட் என்று எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வண்டியில் பிரேக்கைச் சுத்தம் செய்து, சக்கரத்தை மாட்டி, அளவு வைத்து இறுக்கி, ‘டக்’ கேட்டு அனுப்பியது என் பையன். முறைப்படி எல்லாம் செய்திருந்தான். ஒரு வாரத்தில் சத்தம் வருகிறது என்று வண்டி திரும்பி வந்தது. பார்த்தால் நட்டுகள் தளர்ந்திருந்தன. ஸ்டட்டின் மரை முழுக்கத் துரு. நாம் கொடுக்கிற முறுக்கில் பெரும்பகுதி, சுத்தமான மரையிலேயே, நட்டின் அடியிலும் மரையிலும் ஏற்படுகிற உராய்வுக்குப் போய்விடுகிறது. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுத்துச் சக்கரத்தைப் பிடிக்க மிஞ்சும். துரு ஏறிய மரை அந்த ஒரு பங்கிலும் கை வைத்துவிடுகிறது. ரெஞ்சுக்கு இது தெரியாது. முறுக்கு 100 வந்ததும் ‘டக்’ சொல்லிவிட்டுப் போய்விடும்.

அதன்பின் என் ஷெட்டில் வயர் பிரஷ் போடாத ஸ்டட்டில் டார்க் ரெஞ்ச் ஏறுவதில்லை. பிரஷுக்கும் சரிப்படாத ஸ்டட்டை மாற்றிவிடுகிறோம். பெசன்ட் நகர், எண்ணூர் பக்கத்து வண்டிகளில் வெள்ளம் வராமலே உப்புக்காற்று இதே வேலையைச் செய்கிறது. சிலர் துருவுக்குப் பயந்து மரையில் கிரீஸ் தடவுவார்கள். அது நேர் எதிர்க் கோளாறு. உராய்வு குறைந்து, அதே 100-க்கு ஸ்டட் அதிகமாக இழுபடும். மேனுவலில் எண்ணெய் போடச் சொல்லாத வரை அந்த எண் காய்ந்த, சுத்தமான மரைக்கு.

எந்த வகை வாங்குவது என்பதில் நான் அதிகம் பேசுவதில்லை. டயல் வகை பரிசோதிக்கிறவர்களுக்கு. டிஜிட்டல் நல்லது, கோணக் கணக்கும் காட்டும், பேட்டரி மறந்தால் வெறும் கம்பி. கோணம் என்றதும் ஞாபகம் வருகிறது: இப்போதைய ஹெட் போல்ட்டுகள் பலவற்றை ஓர் அளவுக்கு இறுக்கிவிட்டு, அதற்குமேல் 90 டிகிரி திருப்பச் சொல்லியிருப்பார்கள். அந்தப் போல்ட் நீண்டு கொடுப்பதற்கென்றே செய்தது, பல எஞ்சின்களில் மறுபடி போடக்கூடாது. வீட்டுப் பார்க்கிங்கில் ஹெட்டைக் கழற்றாதீர்கள், எந்த ரெஞ்ச் வைத்திருந்தாலும்.

பீம் ரெஞ்சை யாரும் மதிப்பதில்லை. நீளமான ஒரு கம்பி வளையும், பக்கத்தில் வளையாத ஒரு முள் அளவைக் காட்டும். உள்ளே ஸ்பிரிங் கிடையாது, கெட்டுப்போக ஒன்றும் இல்லை. முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டால் இருபது வருஷம் கழித்தும் அதே கணக்கு சொல்லும். கண்ணை நேராக வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் இம்சை. வீல் நட்டுக்கு அது பிரச்சினையே இல்லை. அடியில் படுத்துக்கொண்டு செய்கிற வேலைக்குத்தான் ஆகாது. கையில் காசு குறைவு என்றால் சின்னதைக் கிளிக்காகவும் பெரியதைப் பீமாகவும் வாங்கச் சொல்வேன். பாரிமுனை லிங்கிச் செட்டி தெருவில் தேடினால் கிடைக்கும், கடைக்காரர் “அதெல்லாம் இப்ப யாரு சார் வாங்குறாங்க” என்று சொல்லிக்கொண்டே எடுத்துத் தருவார்.

வாங்கும்போது அளவுக்கோட்டைப் பாருங்கள். சில ரெஞ்சில் அடி-பவுண்டு பெரிதாகவும் நியூட்டன் மீட்டர் பின்பக்கம் பொடியாகவும் இருக்கும். சோழிங்கநல்லூர் ஐ.டி. தம்பி ஒருவர் 85-ஐ அடி-பவுண்டில் வைத்து இறுக்கியிருந்தார். அது 115 நியூட்டன் மீட்டர். வீல் நட்டாக இருந்ததால் தப்பித்தது. அமெரிக்க வீடியோ பார்த்து வேலை செய்கிறவர்கள் அவர்கள் சொல்வது எந்தக் கணக்கு என்பதைக் கவனித்துக் கேட்க வேண்டும், சின்ன ரெஞ்சுகளில் இஞ்ச்-பவுண்டு என்று மூன்றாவது ஒரு தலைவலியும் உண்டு.

பிடிக்க வேண்டியது கைப்பிடியின் நடுவில். மெதுவாக, வெட்டி இழுக்காமல். ஒரு ‘டக்’ போதும். இன்னொன்று கேட்டுப் பார்க்கிற ஆசையில் இறுக்கம் ஏறிவிடும். நட்டைக் கழற்ற டார்க் ரெஞ்சை எடுக்கிறவரைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். வேலை முடிந்ததும் கிளிக் ரெஞ்சைக் குறைந்தபட்சக் கோட்டுக்கு இறக்கி வையுங்கள், அதற்கும் கீழே திருகாதீர்கள். ரொம்ப நாள் பெட்டியில் கிடந்திருந்தால் வேலைக்கு முன் சில தடவை சும்மா ‘டக்’ போட வைத்துவிட்டுத் தொடங்குங்கள்; உள்ளே கிரீஸ் இறுகியிருக்கும்.

அளவு சரியாக இருக்கிறதா என்பது அடுத்த கவலை. ஐ.எஸ்.ஓ. 6789 என்ற தரத்தின்படி 10 நியூட்டன் மீட்டருக்கு மேலே போகிற கிளிக் ரெஞ்சில் நாலு சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். 5000 தடவை அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அப்போது மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களில் செய்து சான்றிதழ் தருவார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றுகிறவருக்கு அது அதிகம்.

அவருக்கு ஒரு தண்ணீர்க் கேன் போதும். ரெஞ்சின் சதுரத் தலையை வைஸில் கடித்து, கைப்பிடி தரைக்குக் கிடையாக நிற்கும்படி வையுங்கள். தலையின் நடுவிலிருந்து கைப்பிடியின் நடுவரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 லிட்டர் கேனைத் தராசில் நிறுத்து, கைப்பிடியின் நடுவில் கயிற்றால் தொங்கவிடுங்கள். கேனோடு இருபதரை கிலோ என்றால் அது தருகிற முறுக்கு ஏறக்குறைய 80. ரெஞ்சின் சொந்த எடை இரண்டு மூன்று கூட்டும். 70-இல் வைத்தால் ‘டக்’ என்று சாய வேண்டும், 95-இல் வைத்தால் சாயக்கூடாது. சின்ன ரெஞ்சுக்கு அரை வாளித் தண்ணீரை வைத்து இதே கணக்கு. நாலு சதவீதமா ஐந்து சதவீதமா என்பதை இது சொல்லாது. இரண்டாயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கியது மொத்தமாகப் பொய் சொல்கிறதா என்பதைச் சொல்லிவிடும். வைஸ் இல்லாதவர்கள் என் ஷெட்டுக்கு வரலாம், கேனை மட்டும் அவர்களே தூக்கிக்கொண்டு வர வேண்டும்.